ஆறுமணிக்குருவியும் இரண்டு சூடமும்

பதுளையில் ரயிலை விட்டு இறங்கும்போது என்னிடம் மூன்று சாமான்கள் இருந்தன. ஒரு துணிப்பை, ஒரு ரேடியோப் பெட்டி, மீன்முள்ளைப் போலக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஏரியல். துணிப்பையால் தொல்லை இல்லை. மற்ற இரண்டும் தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து என் உயிரை வாங்கிவிட்டன. எதிர்ப்பட்ட சீருடைக்காரர் ஒவ்வொருவரும் "இது என்ன?" என்று கேட்டார்கள். "குருவி எங்கே இருக்கிறது என்று காட்டும் ரேடியோ" என்றேன். பாதிப்பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் படிவம் நீட்டினார்கள்.

நான் பறவைகளைப் படித்தவன் அல்ல. வேதாரண்யம் கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். எழுபதுகளின் கடைசியில் கோடியக்கரையில் முகாம் போட்டிருந்த பறவை ஆராய்ச்சிக்காரர்கள் என் கடையைத் தேடி வந்தார்கள். குருவியின் முதுகில் கட்டுகிற மாதிரி, இரண்டு கிராமுக்கு மேல் போகாமல், விநாடிக்கு ஒரு தடவை ரேடியோவில் மட்டும் 'டிக்' என்று கேட்கும் அலை அனுப்பும் கருவி ஒன்று வேண்டும், முடியுமா என்றார்கள். முடியும் என்றேன். எனக்கு எப்போதுமே வாய் நீளம்.

குருவியின் பெயர் ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூவுவதால் அந்தப் பெயர். வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசி வாக்கில் தெற்கே வரும். கோடியக்கரைக் காட்டில் இரண்டொரு நாள் இளைப்பாறும். பிறகு ஒரு ராத்திரியில் காணாமல் போய்விடும். கடலைத் தாண்டுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். தாண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டால் பதில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆறு குருவிகளுக்குக் கருவி கட்டினோம். பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் பசையில் கருவியை உருட்டி எடுப்பேன். சிறகுகளுக்கு அடியில் நூல் கொடுத்து முடிச்சுப் போடுவேன். தூரத்திலிருந்தே கண்ணில் படட்டும் என்று தையல்காரரிடம் கேட்டு நல்ல சிவப்பு நூலாக வாங்கினேன். வாலுக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒன்று தொங்கும்.

ஐந்தாம் நாள் அவற்றில் ஒன்று, அந்தக் கம்பி முட்புதரில் சிக்கி, தலைகீழாகத் தொங்கிச் செத்துக் கிடந்தது. முடிச்சு கொஞ்சமும் தளரவில்லை. என் முடிச்சு அப்படி. நான்கு குருவிகளிடமிருந்து சத்தமே வரவில்லை. மிச்சம் ஆறாம் நம்பர்.

முகாம் தலைவர் கடலுக்கு இரு பக்கமும் என்னைப் போன்ற ரேடியோப் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேரைக் கடிதம் எழுதியே பிடித்து வைத்திருந்தார். அவரவர் கூரையில் ஏரியல் கட்டி, மாலையில் ஒரு மணி நேரம் காது கொடுப்பார்கள். ஒருவருக்குக் கேட்டால் அடுத்தவருக்குத் தந்தி பறக்கும். வேறு ஊதியம் ஒன்றும் கிடையாது. மன்னார்க்காரருக்கு ஆறாம் நம்பர் கேட்டது. நான்கு நாள் கழித்துப் பதுளை ஹனிபா நானாவிடமிருந்து தந்தி வந்தது: பதினொரு நிமிடம் கேட்டது, கிழக்கே போய் நின்றுவிட்டது.

கருவியின் பாட்டரி முப்பது நாள்தான் உழைக்கும். நான் பதுளையில் இறங்கிய அன்று ஒன்பது நாள் பாக்கி. தேடிப் பிடி, பழையதைக் கழற்றிப் புதியதைக் கட்டு என்பது தலைவரின் உத்தரவு. புதிய கருவி ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சில் பொதிந்து என் சட்டைப்பையில் இருந்தது. என் கவலை வேறு. அது உயிரோடு இருக்கிறதா, இல்லை அதையும் என் முடிச்சு கொன்றுவிட்டதா? இதை நினைத்தால் எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

ஹனிபா நானாவுக்கு பஸார் வீதியில் ரேடியோக் கடை. அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். பருத்த மனிதர், மெல்லிய விரல்கள். நான் பெட்டியைத் திறப்பதற்குள் என் முன்னால் இடியப்பமும் சொதியும் வந்துவிட்டன. பின்னாலேயே தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம்.

"முதல்ல திண்ணுங்க. குருவி எங்கயும் போகாது" என்றார்.

"போகும் நானா. அதுக்கு அதுதானே தொழில்."

"நீங்க ஒருத்தர், ரயில் வந்து நின்ட பிறகும் ஓடுற ஆள்" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார். ஊரில் எங்களுக்குப் பாலும் தூளும் சேர்ந்து கொதித்தால்தான் தேநீர். இங்கே பால் இல்லாத வெறும் சாயம். கையில் கித்துள் என்ற மலைப்பனையின் கருப்பட்டி ஒரு துண்டு. ஒரு கடி, ஒரு மடக்கு. தேயிலை விளைகிற ஊரில் இப்படித்தானா குடிக்கிறார்கள் என்று முதல் மடக்கில் நினைத்தேன். மூன்றாவது கோப்பையைக் கேட்டு வாங்கினேன்.

மாலையில் மொட்டை மாடியில் ஏரியலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். இரைச்சல்தான் கேட்டது. நானா கிழக்கே மலை ஒன்றைக் காட்டினார். "அதுக்கு அங்கால, மடுல்சீமைப் பக்கம்தான் நின்டது. எனக்குக் காது பிழைக்காது."

மறுநாள் பசறை வரை பஸ் ஒழுங்காகப் போனது. பசறையில் மாறி ஏறியது வேறு ரகம். சில வளைவுகளில் ஒரே மூச்சில் திரும்ப முடியாது. கண்டக்டர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவார். பஸ் பின்னால் வந்து, யோசித்து, மறுபடி முன்னால் போகும். நான்காவது வளைவில் என்ஜின் கொதித்து நின்றது. ஆளுக்கொரு தகரம் எடுத்துக்கொண்டு ஓடையில் தண்ணீர் பிடிக்கப் போனார்கள். எங்கள் ஊராக இருந்தால் டிரைவரின் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். இங்கே ஒருவருக்கும் கோபம் வரவில்லை. எனக்குத்தான் வந்தது. ஏரியலைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

ஒரு மைலுக்குப் பிறகு பஸ் என்னைப் பிடித்தது. கண்டக்டர் ஏரியலைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் இருந்த பெண் தமிழில் சொன்னாள். கொழும்பில் புதிதாக டெலிவிஷன் வந்திருந்த நேரம் அது. 'படம் தெரியும்போது சொல்லுங்கள், பஸ்ஸை நிறுத்துகிறேன்' என்றாராம்.

மடுல்சீமையில் இருந்த தேயிலைத் தோட்டத்துத் தொரை, அதாவது மானேஜர், வேலைக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார். தங்க இடம் சுப்பையா கங்காணி வீட்டில். கொழுந்து பறிக்கும் பெண்களை வேலை வாங்குவது அவர் பொறுப்பு. ஒல்லியான உடம்பு, காக்கிக் கோட்டு, எதையும் பாதியில் நிறுத்தும் பேச்சு. மூன்று தலைமுறைக்கு முன்னால் திருச்சிப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவர் பேசக் கேட்டால் துறையூர் சந்தையில் நிற்பதுபோல இருந்தது.

அன்று மாலையே ஹெட்போனில் அது கேட்டது. டிக். டிக். டிக். ஆறாம் நம்பர்தான். கங்காணி வீட்டு வாசலில் நின்று "கேட்டுவிட்டது!" என்று கத்தினேன். கங்காணியின் மனைவி நான் கத்தியதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பாடு. மலைநாட்டில் சத்தம் பந்து மாதிரி பாறையில் பட்டுத் திரும்புகிறது. கடற்கரையில் பழகிய எனக்கு இது தெரியவில்லை. வடக்கே கேட்கிறதென்று இறங்கினால் தெற்கே கேட்கும். தெற்கே ஏறினால் மூன்று பக்கமும் கேட்கும். இரண்டு நாள் இப்படி ஓடினேன். அட்டைகளுக்கு என் கால் பந்தி போட்டது. விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு, ஆட்கள் கூடும் நேரத்தில் கிளம்பினால், மாலை கொழுந்து நிறுக்கும் நேரத்தில்தான் திரும்புவேன்.

போகிற இடமெல்லாம் ஒரு விஷயம் உறுத்தியது. நிரைகளில் நின்று பாட்டும் கேலியுமாகக் கொழுந்து பறிக்கும் பெண்கள், நான் கம்பும் ஹெட்போனுமாக வந்தால் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி தலைத்துணியை இழுத்து முகத்தை மறைத்தாள். "சிவப்பு நூல் கட்டிய குருவியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு "இல்லைங்க" என்றார்கள். கங்காணி வீட்டில் ரொட்டிக்கும் கட்டச்சம்பலுக்கும் குறைவில்லை. நாக்கில் தீ வைக்கும் அந்தச் சம்பலை இன்றும் நினைத்தால் எச்சில் ஊறுகிறது. ஆனால் தட்டை என் கையில் தர மாட்டார்கள், தள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒருநாள் கங்காணி மெல்லக் கேட்டார், "எடுத்தாச்சுங்களா?"

"எதை?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்று பேச்சை விட்டுவிட்டார்.

நான்காம் நாள் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஆறுமணிக்குருவி நாளெல்லாம் சருகைக் கிளறித் தத்திக்கொண்டே இருக்கும். அது அசைந்தால் டிக் சத்தம் ஏறி இறங்கும். நான் எழுதி வைத்ததில் ஏற்ற இறக்கமே இல்லை. காலை, மதியம், மாலை ஒரே சத்தம், ஒரே இடம். ஓட்டத்தில் இதை நான் கவனிக்கவே இல்லை. அசையாத குருவி என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் நிதானமாக, ஐம்பது அடிக்கு ஒரு தடவை நின்று கேட்டுக்கேட்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன். கவ்வாத்து வெட்டுவதற்காக, அதாவது தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிடுவதற்காக ஒதுக்கி வைத்த மலை அது. ஆள் நடமாட்டம் இல்லை. மேட்டில் ஒரு முள்முருக்கு மரம், அதன் அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். கவ்வாத்துக் கத்தியை எடுப்பதற்கு முன்னால் இவர்கள் கும்பிடும் கவ்வாத்துச்சாமி. சத்தம் கல்லிலிருந்துதான் வந்தது. கல்லின் முன்னால் காய்ந்த எலுமிச்சம்பழம், மிளகாய், அவற்றுக்கு நடுவில் என் கருவி. சிவப்பு நூலும் அதிலேயே இருந்தது. எலும்பு இல்லை, ஒரு சிறகுகூட இல்லை. நான் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க!"

பின்னால் கங்காணி மூச்சிரைக்க நின்றார். "பூசை போடாம தொடலாமுங்களா? அதுவும் செருப்புக் காலோட. எடுக்க வந்தவருக்கு இதுகூடவா தெரியாது?"

"கங்காணி, நான் எதை எடுக்க வந்தேன் என்று நினைக்கிறீர்கள்?"

"செய்வினையத்தான்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாருக்கோ வைத்த நோயையோ கெடுதலையோ ஒரு பொட்டலமாகக் கட்டி, கோழி மேலோ குருவி மேலோ ஏற்றி ஊருக்கு வெளியே விரட்டிவிடுவது எங்கள் பக்கத்திலும் உண்டு. அந்தப் பொட்டலத்தைச் சிவப்பு நூலால்தான் சுற்றுவார்கள். கையில் கோலோடு மந்திரவாதி வந்து, புதைத்த செய்வினையைத் தேடி எடுப்பதையும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஐந்து நாளாக நான் இந்தத் தோட்டத்தில் செய்ததை அப்படியே நினைத்துப் பார்த்தேன். வேதாரண்யத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த நூலை வாங்கும்போது புத்தி எங்கே போயிருந்தது?

கங்காணி ஆளனுப்பிப் பாக்கியத்தைக் கூட்டி வந்தார். நாற்பது வயதிருக்கும். முதுகில் கூடை, இடுப்பில் ஈரம் படாமல் சுற்றிய சாக்குப் படங்கு. கல்லைப் பார்க்காமல் நின்றாள்.

"கொழுந்து எடுக்குறப்ப செடிக்கு அடியில படபடன்னு சத்தம் கேட்டுச்சுங்க. குனிஞ்சு பாத்தா, இந்தக் குருவி. பின்னால ஒரு கம்பி, அது வாதுல சுத்திக்கிச்சு. முதுகுல இந்தக் கட்டு. எந்தப் பாவியோ அவன் நோவ இது தலையில ஏத்தி விட்டுட்டான்னு நெனச்சேன். பல்லால கடிச்சு நூல அறுத்தேன். அது பறந்திருச்சு. கட்டு என் கையில தங்கிருச்சு."

"பறந்ததா? நன்றாகப் பறந்ததா?"

"நல்லாத்தான் பறந்துச்சு. தூக்கிப் போட்டா வேற யாராச்சும் மிதிச்சிருவாங்களேன்னு சாமிகிட்ட வச்சேன்."

இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. கங்காணி குறுக்கிட்டார். "பாக்கியத்துக்கு இந்தியாவுக்குப் பேர் வந்திருச்சுங்க. புருசன், ரெண்டு புள்ளைங்க, எல்லாருக்கும் பாஸ்போர்ட்டு வந்திருச்சு. அடுத்த மாசம் கப்பல். இப்ப இது நான் வரலன்னு அடம் பிடிக்குது."

"அத தொட்ட கைங்க இது" என்றாள் பாக்கியம். "இந்தக் கையால புள்ளைங்களப் புடிச்சுக்கிட்டு எப்படிங்க கடலத் தாண்டுவேன்? எவன் நோவோ தெரியலயே. வயித்து நோவா, மாரடைப்பா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். எடுக்க வந்தவன் என்றே நடித்து, ஒரு பூசை போட்டுக் கருவியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். "அந்தப் பாவி நான்தான்" என்றேன். ரேடியோவைத் திறந்து காட்டினேன். ஹெட்போனை அவள் காதில் வைத்தேன். டிக் டிக் கேட்டதும் பின்வாங்கினாள்.

"எதுக்குங்க கட்டுனீங்க?"

"அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான்."

"இங்க வருது. வருசா வருசம் எங்க லயத்துப் பின்னால கானுக்குள்ளதான் இருக்கு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

எட்டுப் பேர் கூரை ஏறிக் காது கொடுத்துத் தேடியது, இவளுக்கு அடுப்படிச் சமாசாரம். "அது இதே குருவிதான் என்று எப்படித் தெரியும்?" என்றேன்.

"கால்ல வெள்ளிக் கொலுசு மாதிரி ஒண்ணு போட்டிருந்துச்சு. யாரோ ஆசையாப் போட்டதுன்னு அத மட்டும் விட்டுட்டேன். நேத்தும் பாத்தேன்."

அது நாங்கள் மாட்டிய அலுமினிய வளையம்.

அன்று மாலை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானின் குறுக்கே, துணிப்பையில் கொண்டுவந்திருந்த என் வலையைக் கட்டினேன். பாக்கியமும் கங்காணியும் காம்பரா எனும் லயத்து அறையின் சுவரோரம் நின்றார்கள். ஆறு மணிக்குச் சற்று முன்னால் குருவி கூவியது. இரண்டு சீட்டி, ஒன்று ஏறி ஒன்று இறங்கி. ஐந்து நாளாக மாலையானால் காதை ஹெட்போனால் அடைத்துக்கொண்டு திரிந்தவன் நான். வெறும் காதில் அதை அப்போதுதான் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் வலை குலுங்கியது.

பச்சை முதுகு, நீலத் தோள், வாலுக்கடியில் சிவப்பு. வளையத்தின் எண்ணைப் படித்தேன். ஆறாம் நம்பரேதான். அழுகை வந்தது, வெட்கப்படவில்லை. சிறகைத் தூக்கிப் பார்த்தேன். நூல் அறுத்த இடத்தில் இறகு உதிர்ந்து, தோல் புண்ணாகிப் பக்குத் தட்டியிருந்தது.

பாக்கியம் கிட்ட வந்து பார்த்தாள். "இது செய்வினை இல்லன்னா வேற எதுங்க செய்வினை?" என்றாள்.

தீப்பெட்டி என் சட்டைப்பையில் இருந்தது. தலைவரின் உத்தரவும் நினைவில் இருந்தது. குருவியின் நெஞ்சு என் விரல்களுக்குள் அடித்துக்கொண்டது. கையைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் சாமிக் கல்லடிக்கு வரச் சொன்னாள் பாக்கியம். பனி இன்னும் விலகவில்லை. கங்காணி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், நானும் கழற்றினேன். பாக்கியம் முந்தானையிலிருந்து சூடம் ஒன்றை எடுத்துக் கல்லின் முன்னால் வைத்துப் பற்றவைத்தாள்.

"அதுல எந்த நோவும் வச்சுக் கட்டலன்னு அணைச்சு சத்தியம் பண்ணுங்க. அப்பத்தான் நான் கப்பல் ஏறுவேன்."

எனக்குச் சாமி நம்பிக்கை அதிகம் கிடையாது. இருந்தும் யோசித்தேன். முட்புதரில் தொங்கியதை நினைத்தேன், நேற்று பார்த்த புண்ணையும் நினைத்தேன். நோவு கொடுத்தேன், அது உண்மை. நோவு வைத்துக் கட்டவில்லை, அதுவும் உண்மை. அவள் கேட்டது இரண்டாவதைத்தான். "யாருடைய நோவையும் நான் அதில் வைத்துக் கட்டவில்லை" என்று சொல்லி உள்ளங்கையால் சூடத்தை அமுக்கினேன். சுட்டது.

அவள் முகத்தில் மாறுதல் இல்லை. முந்தானையிலிருந்து இன்னொரு சூடத்தை எடுத்தாள். அதையும் பற்றவைத்தாள்.

"இனிமே எந்தக் குருவிக்கும் கட்ட மாட்டேன்னு இதையும் அணைச்சிருங்க."

கங்காணி என்னைப் பார்த்தார். அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பங்குனியில் குருவிகள் திரும்பும். தலைவர் காத்திருப்பார். இன்னும் சின்னதாக, இன்னும் லேசாக, அறுந்துபோகிற நூலாகப் போட்டு எப்படிக் கட்டலாம் என்று நேற்று ராத்திரி முழுவதும் யோசித்தவன் நான். கையை நீட்டினேன். பாதியில் நின்றது. திரும்ப இழுத்துக்கொண்டேன்.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். சூடம் குறுகி, நீலமாகி, தானாகவே எரிந்து முடிந்தது.

பாக்கியம் கல்லின் முன்னாலிருந்த கருவியைத் தன் கையாலேயே எடுத்தாள். தயங்காமல் எடுத்தாள். என் உள்ளங்கையில், சுட்ட இடத்தின் மேலேயே வைத்தாள். அது இன்னும் டிக் டிக் என்று சொல்லிக்கொண்டிருந்ததை ஹெட்போன் இல்லாமலே நான் அறிவேன்.

"நல்லதுங்க" என்றாள். "ரெண்டாவது சூடத்துல நீங்க பொய் சொல்லல. அப்ப மொத சூடமும் நெசந்தான்."

கூடையை மாட்டிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு, பெரட்டுக்கு இறங்கிப் போனாள்.